கிணற்றடியிலிருந்து ஆய்வுகூடம் வரை: குடிநீர் மாதிரி எடுப்பது பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் உள்ள சில கிராமங்களின் குடிநீர்க் குழுக்களோடு சேர்ந்து சில வருடங்களாகத் தண்ணீர் மாதிரி எடுத்து வருகிறேன். நான் ஆய்வுகூடக்காரன் அல்ல, போத்தல் காவுகிறவன். ஒவ்வொரு கிணற்றடியிலும் அதே கேள்விகளையே கேட்கிறார்கள். பாதிப் பதிலை எங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) சொல்லித் தந்தார். மீதியை நாங்களே பிழை விட்டுப் படித்தோம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. அப்பு காலத்திலிருந்து குடிக்கிறோம். இப்போது எதற்குப் பரிசோதனை?

அப்பு குடித்த கிணறு இதுவாக இருக்கலாம். அப்பு இருந்த காணி இப்படி இருக்கவில்லை. அப்போது ஒரு வளவு இரண்டு மூன்று ஏக்கர். 2009க்குப் பிறகு மீள்குடியேறி, வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பி, பிள்ளைகளுக்குக் காணி பிரித்துக் கொடுத்து, இன்று பல இடங்களில் கால் ஏக்கருக்கு ஒரு மலசலகூடக் குழி. உங்கள் குழியைக் கிணற்றுக்குத் தூரமாகத்தான் வெட்டியிருப்பீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுண்டா?

தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் குறைவு. ஒரு பற்றீரியா ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு குடத்தில் கோடிக்கணக்கில் இருந்தாலும் தண்ணீர் பளிங்காகவே தெரியும். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் செங்கண்மாரி பரவியதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஹெப்படைற்றிஸ் ஏ என்ற வைரசு, மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவுவது. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வருவது அதே பாதையால்தான்.

ஆய்வுகூடத்தில் எந்தக் கிருமியைத் தேடுகிறார்கள்?

எல்லாக் கிருமியையும் தேட முடியாது. அவ்வளவு காசும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் அடையாளத்தைத் தேடுகிறார்கள். வன்னியில் இதை விளங்கப்படுத்துவது சுலபம். காலையில் தோட்டத்துக்குப் போகிறீர்கள், வழியில் யானை லத்தி கிடக்கிறது. யானையை நீங்கள் காணவில்லை, ஆனால் இராத்திரி வந்து போயிருக்கிறது என்று தெரியும். அது இப்போதும் பக்கத்துப் பற்றைக்குள் நிற்கலாம். ஈ. கோலை என்ற பற்றீரியா அந்த லத்தி மாதிரி. மனிதர், மாடு, ஆடு, கோழி போன்ற வெப்பக் குருதி உயிர்களின் குடலில் வாழ்வது. அது தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது, அதுவும் அண்மையில்.

அறிக்கையில் மொத்தக் கோலிபோம் என்று இன்னொரு வரியும் இருக்கும். அது பெரிய குடும்பம். அதில் மண்ணிலும் இலை சருகிலும் வாழ்கிறவையும் உண்டு. திறந்த கிணற்றில் மொத்தக் கோலிபோம் வராவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன். ஈ. கோலை வந்தால்தான் நித்திரை போகும்.

நாங்களே மாதிரி எடுக்கலாமா, பி.எச்.ஐ. ஐயாதான் எடுக்க வேண்டுமா?

சட்டப்படி நடவடிக்கை எடுப்பதற்கான மாதிரி என்றால் அதிகாரிதான் எடுக்க வேண்டும். கிராமம் தன் தண்ணீரை அறிந்துகொள்ள என்றால், பழகிய எவரும் எடுக்கலாம். ஆனால் முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பேசுங்கள். எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், எந்த நாளில் ஏற்பார்கள், ஒரு தடவையில் எத்தனை போத்தல் எடுப்பார்கள், காசு எவ்வளவு என்பதெல்லாம் அங்கே தெரியும். தண்ணீரை எடுத்துவிட்டுப் பிறகு ஆய்வுகூடம் தேடுவது, பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சேர்க்கை விண்ணப்பம் கேட்பது போல.

சோடாப் போத்தலை நன்றாகக் கழுவி எடுக்கலாமா?

கூடாது. ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தல்தான். அதை 121 பாகை நீராவியில் கால் மணி நேரம் அவித்துத் தருவார்கள். குளோரின் போட்ட தண்ணீருக்கான போத்தலில் கொஞ்சம் சோடியம் தயோசல்பேற்றும் இருக்கும். தூளாகவோ ஓரிரு துளியாகவோ அடியில் தெரியும். பிழையாக வந்த அழுக்கு என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் இருக்கும் குளோரினை அந்த இடத்திலேயே முறிப்பதற்காக வைத்தது. இல்லாவிட்டால் போத்தலுக்குள் இருந்தபடியே குளோரின் பற்றீரியாவைக் கொன்றுகொண்டு போகும். ஆய்வுகூடம் பார்ப்பது நீங்கள் குடித்த தண்ணீராக இருக்காது.

போத்தலை முதலில் அந்தத் தண்ணீரால் அலச வேண்டாமா?

இங்கேதான் நாங்கள் முதல் வருடம் சறுக்கினோம். குழுவில் ஒரு தம்பி, பண்பான பிள்ளை, எந்தச் செம்பையும் மூன்று தரம் அலசாமல் நிரப்பமாட்டான். தாய் பழக்கிய பழக்கம். நாங்கள் ஐஸ் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற நேரம், ஏழு போத்தலையும் கிணற்றுத் தண்ணீரால் அலசி, குலுக்கி ஊற்றி, பிறகு வடிவாக நிரப்பி வைத்திருந்தான். ஏழிலும் தயோசல்பேற்று போய்விட்டது. அதில் மூன்று கிணறு இரண்டு நாளுக்கு முன்தான் குளோரின் போட்டவை. எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு அடுத்த கிழமை மறுபடி போனோம்.

போத்தல் ஏற்கெனவே சுத்தமாக வருகிறது. அலசுவதால் அது இன்னும் சுத்தமாகாது.

கிராமத்தில் நூறு கிணறு இருக்கிறது. எதில் எடுப்பது?

நல்ல கிணற்றைத் தேடாதீர்கள். மாதிரி எடுக்க வருகிறார்கள் என்றதும் ஊரில் ஆகத் திறமான கிணற்றுக்கே கூட்டிக்கொண்டு போவார்கள். கட்டு உயர்ந்த, வலை போட்ட, செவ்வந்தி நட்ட கிணறு. அங்கே எடுத்தால் ஊருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கூடப் பேர் குடிக்கிற கிணறு முதலில் வர வேண்டும். பள்ளிக்கூடம், முன்பள்ளி, கோயில் பொதுக்கிணறு, சந்தைக் குழாய். அடுத்து, சந்தேகத்துக்குரியவை: தாழ்ந்த காணியில் இருப்பவை, மாட்டுப்பட்டிக்குக் கிட்ட இருப்பவை, வயிற்றோட்டம் வந்த வீடுகள் அள்ளுபவை. குழாய்த் திட்டம் இருந்தால் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று. கடைசி வீட்டை விட்டுவிட வேண்டாம். குளோரின் தீர்ந்து போவது அங்கேதான்.

இன்னொன்று, வீட்டுக் குடத்திலும் ஒரு மாதிரி எடுங்கள். ஒரு முன்பள்ளியில் கிணறு சுத்தம் என்று வந்தது. பிள்ளைகள் குடித்த பிளாஸ்ரிக் வாளியில் ஈ. கோலை. பிறகு போய்ப் பார்த்தால், ஒரே கோப்பையை எல்லாப் பிள்ளைகளும் கையோடு வாளிக்குள் விட்டு அள்ளுகிறார்கள். கிணற்றுக்கு எவ்வளவு குளோரின் போட்டிருந்தாலும் அது மாறியிராது. வாளிக்குக் குழாய் பூட்டியதோடு பிரச்சினை தீர்ந்தது.

திறந்த கிணற்றில் எப்படி எடுப்பது?

சோப் போட்டுக் கையைக் கழுவுங்கள், ஸ்பிரிட் பூசுங்கள். போத்தலின் கழுத்தில் சுத்தமான புதுக் கயிறும், கீழே கழுவிய கல் அல்லது இரும்புத் துண்டும். சில ஆய்வுகூடங்கள் கயிறும் பாரமும் சேர்த்தே அவித்துக் கடதாசியில் சுற்றித் தரும். அப்படிக் கிடைத்தால் அதிஷ்டம். கயிற்றை நிலத்தில் போடாமல் ஒருவர் கையில் சுருட்டிப் பிடிக்க வேண்டும். நிலத்தில் கிடந்து கோழி எச்சத்தைத் தொட்ட கயிறு கிணற்றுக்குள் போனால், நீங்கள் பரிசோதிப்பது கோழியை.

மூடியைக் கழற்றுகிறவர் அதை வாய் கீழே பார்க்கக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். கட்டில் வைக்கக் கூடாது, சட்டைப் பைக்குள்ளும் போடக் கூடாது. உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. அந்த நேரத்தில் கதையும் வேண்டாம். இருமல், தும்மல், வெற்றிலைத் துப்பல் எல்லாம் அடுத்த வளவில்.

போத்தலை நடுக் கிணற்றில், சுவரில் முட்டாமல் மெல்ல இறக்குங்கள். பாசியும் சருகும் மிதக்கிற மேல்த்தண்ணீரை விட்டு உள்ளே தாழ விடுங்கள், அடியில் சேற்றையும் தொட வேண்டாம். குமிழி வருவது நின்றால் நிறைந்துவிட்டது. மேலே தூக்கி, கொஞ்சத்தை ஊற்றி, கழுத்தடியில் ஒரு அங்குலம் இடம் விட்டு மூடுங்கள். அந்த இடம் எதற்கு என்றால், ஆய்வுகூடத்தில் குலுக்கிக் கலக்க வேண்டும். ஆனால் 100 மில்லிலீற்றருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஏற்கமாட்டார்கள்.

கட்டு உடைந்த கிணறு என்றால் எட்டிக் குனிய வேண்டாம். ஒரு மாதிரிக்காக ஒரு ஆளை இழக்க முடியாது. பழைய கிணற்றுக்குள் இறங்கவே வேண்டாம். நச்சு வாயு பிடித்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த கதை வன்னியில் புதிதல்ல.

வாளியால் அள்ளி ஊற்றலாமா?

இதில் ஆளுக்கு ஒரு கருத்து. என் கருத்து இது: கிணறு எப்படி என்று அறிய வேண்டுமானால் போத்தலை நேரே இறக்குங்கள். சனம் குடிப்பது எப்படி என்று அறிய வேண்டுமானால் அவர்கள் அள்ளுகிற அதே வாளியால், அதே கயிற்றால் அள்ளி, வாளியிலிருந்து போத்தலுக்குள் ஊற்றுங்கள். இரண்டும் சரிதான். எதைச் செய்தீர்கள் என்று எழுதாமல் விடுவதுதான் பிழை.

குழாய், கைப்பம்பி, பவுசர் எல்லாம்?

குழாய் வாயில் துணி கட்டியிருந்தால், ஹோஸ் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அழுக்கைத் துடையுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விட்டுப் பூட்டுங்கள். உலோகக் குழாய் என்றால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொளுத்தி வாயைச் சுடலாம். பிளாஸ்ரிக் குழாயைச் சுட்டால் வீட்டுக்காரர் உங்களைச் சுடுவார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலே போதும். மறுபடி ஒரு நிமிடம் அளவாக ஓட விட்டு, வேகத்தை மாற்றாமல் போத்தலைப் பிடியுங்கள். போத்தல் வாய் குழாயில் தொடக் கூடாது. கழுத்துப் பக்கத்தால் ஒழுகி வெளிப்புறத்தில் வழிகிற குழாயில் எடுக்க வேண்டாம்.

கைப்பம்பிக் குழாய்க்கிணற்றில் ஐந்து நிமிடம் அடித்து ஊற்றிவிட்டு அதே மாதிரி. பவுசரில் வெளியே திறக்கும் வால்வில் எடுங்கள். அதை ஊற்றி வைக்கும் பொதுத் தாங்கியில் இன்னொன்று. இரண்டும் ஒரே முடிவு தந்ததை நான் கண்டது குறைவு.

குளோரினையும் அங்கேயே அளக்க வேண்டுமா?

ஆம், நின்ற இடத்திலேயே. குளோரின் போத்தலில் நின்று காத்திருக்காது. ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து டி.பி.டி. குளிசை போட்டால் இளஞ்சிவப்பாகும், நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைச் சொல்லலாம். குழாய்த் தண்ணீருக்கும் பவுசருக்கும் ஒரு லீற்றரில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிச்சக் குளோரின் நிற்பது நல்லது. நிறமே வராவிட்டால் அந்தத் தண்ணீருக்கு வழியில் காவல் இல்லை.

கிணற்றுக்குக் குளோரின் போட்டு முடிந்த அன்று மாதிரி எடுத்துவிட்டு "சுத்தம்" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அது குளோரின் வேலை செய்கிறது என்பதற்குச் சான்றே தவிர, கிணறு திருந்தியதற்குச் சான்று அல்ல. குளிசையில் நிறம் வராத நிலைக்குத் தண்ணீர் திரும்பிச் சில நாள் போன பிறகு எடுங்கள். அழுக்கு வருகிற வழி அடைபடவில்லை என்றால் ஈ. கோலை திரும்பி வந்திருக்கும்.

எவ்வளவு நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்?

ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தால் திறம். எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் ஐஸில், இருட்டில் இருந்தால் மட்டும். ஐஸ் கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. சூட்டில் சில பற்றீரியா பெருகும், வெயில் பட்டால் சில சாகும். அதனால் பிழை எந்தப் பக்கமும் வரலாம். நல்ல கிணறு கெட்டதாகவும், கெட்ட கிணறு நல்லதாகவும். இரண்டாவது வகைப் பிழைதான் பயங்கரம், ஏனென்றால் யாரும் வந்து முறைப்பாடு செய்யமாட்டார்கள்.

மீன் வியாபாரிகள் வைத்திருக்கிற ரெஜிபோம் பெட்டி நல்லாய் உதவும், கழுவி எடுங்கள். ஐஸைப் பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள். உருகும் தண்ணீரில் போத்தல் கழுத்து மூழ்கினால் மூடி இடுக்கால் உள்ளே போகும். முதல் நாளே பிளாஸ்ரிக் போத்தல்களில் தண்ணீர் உறைய வைத்து எடுத்துப் போவது இதைவிடச் சுத்தம். ஆனால் மாதிரி உறையக் கூடாது. பிறீசருக்குள் வைக்க வேண்டாம்.

இதில் எங்கள் பெரிய எதிரி தூரம். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து பரந்தனுக்கு வந்து ஏ-9 ஏறி வடக்கே போவதென்றால் பஸ்ஸில் அரை நாள் போய்விடும். ஒரு முறை விடிய 5 மணிக்கு எடுக்கத் தொடங்கி, 9 மணி பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வழியில் நின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆய்வுகூடத்தில் வாங்குகிற நேரம் முடிந்திருந்தது. காவலாளி எங்களைப் பார்த்துப் பாவப்பட்டார், ஆனால் பற்றீரியா யாருக்கும் பாவம் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து ஒழுங்கு இது: திங்கள் முதல் புதன் வரைதான் எடுப்போம், தூரக் கிணறு முதலில், பஸ் ஏறும் இடத்துக்குக் கிட்ட உள்ளது கடைசியில். போயா தினம் எப்போது என்று நாட்காட்டியில் பார்க்காமல் ஐஸ் வாங்க மாட்டோம். ஆய்வுகூடத்தில் பற்றீரியாவை வளர விட்டு எண்ண 24 முதல் 48 மணி நேரம் ஆகும், வெள்ளிக்கிழமை கொண்டுபோனால் அதைப் பார்க்க ஆள் இருக்காது.

போத்தலில் என்ன எழுத வேண்டும்?

உடம்பில் எழுதுங்கள், மூடியில் அல்ல. மூடிகள் மாறிப்போகும். அழியாத மார்க்கரால் ஒரு இலக்கம் போதும், மிச்சம் கொப்பியில்: கிராம அலுவலர் பிரிவு, கிணறு யாருடையது அல்லது எந்தப் பெயரால் ஊர் அழைக்கிறது, திகதி, மணி, எடுத்தவர், நேரே எடுத்ததா வாளியாலா, குளோரின் எண், முதல் நாள் மழை பெய்ததா. "ஆலடிக் கிணறு" என்று மட்டும் எழுதினால் போதாது. எங்கள் பகுதியில் மூன்று ஆலடிக் கிணறு உண்டு. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கிணற்றைச் சுற்றி என்ன பார்க்க வேண்டும்?

போத்தலை விட இதுதான் எனக்குப் பெரிசு. மாதிரி ஒரு நாளின் கதையைச் சொல்லும், சுற்றாடல் வருடம் முழுவதுக்குமான கதையைச் சொல்லும். மலசலகூடக் குழி எத்தனை அடி? 50 அடி, அதாவது 15 மீற்றர், குறைந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் குழி இருந்தால் அதுவும் போதாது. பூநகரிப் பக்கம் போல் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்கு வெகுதூரம் ஓடும்.

கட்டு உயரமா, வெடிப்பு உண்டா? சுற்றுத்தளம் இருக்கிறதா, குளிக்கும் தண்ணீர் திரும்ப உள்ளே வடிகிறதா? வாளி எங்கே வைக்கிறார்கள்? மாடு எங்கே கட்டுகிறார்கள்? ஒரு வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது, ஈ. கோலை மட்டும் விடாமல் வந்தது. கடைசியில் ஒரு விடியக்காலை போய் நின்றோம். பக்கத்தில் பெரிய வேம்பு, கிளை நேரே கிணற்றுக்கு மேல், அதில் இரவெல்லாம் கொக்கு. கிளையை வெட்டி, வலை போட்டார்கள்.

எந்த மாதத்தில் எடுப்பது நல்லது?

இரண்டு தரம். மாரி தொடங்கி முதல் பெருமழைகள் பெய்த பிறகு ஒன்று, அதாவது ஒக்ரோபர் நவம்பரில். ஆறு மாதம் நிலத்தில் கிடந்ததெல்லாம் அப்போதுதான் கழுவுப்பட்டு உள்ளே வரும். நிலத்தடி நீரும் எழும்பி, குழியின் அடியும் கிணற்றின் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும். மற்றது கோடையின் முடிவில், பல கிணறு வற்றி ஊரே இரண்டு மூன்று கிணற்றை அள்ளுகிற நேரம். பங்குனியில் மட்டும் எடுத்துவிட்டு வருடம் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது.

வெள்ளம் வந்தால் கணக்கே வேறு. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மூழ்கியபோது கிணற்றுக் கட்டுக்கு மேலால் வெள்ளம் போனது. அப்படி மூழ்கிய கிணற்றில் மாதிரி எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அது கெட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் இறைத்து, கழுவி, குளோரின் போடுங்கள். மாதிரி பிறகு.

ஐஸும் பஸ்ஸும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? கறுப்பாகிற போத்தல் என்று ஒன்று சொல்கிறார்களே?

ஐதரசன் சல்பைட்டுச் சோதனை. 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. மருந்து தோய்ந்த கடதாசி உள்ள போத்தலில் தண்ணீரை ஊற்றி, சூடான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும், கறுத்தால் குடல் பற்றீரியா இருக்கலாம் என்று அர்த்தம். நம் ஊர் வெக்கையே அடைகாக்கப் போதும். மலிவு, படிக்காதவருக்கும் கறுப்பு விளங்கும். ஆனால் எத்தனை என்று சொல்லாது. இயல்பாகவே கந்தக வாடை அடிக்கிற குழாய்க்கிணற்றில் சும்மாவும் கறுக்கும். நான் இதைச் சல்லடையாகப் பாவிக்கிறேன்: கறுத்த கிணறுகளை மட்டும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவேன். பாவித்த போத்தலுக்குள் குளோரின் ஊற்றி, பிள்ளைகள் கைபடாமல் புதைக்க வேண்டும். உள்ளே வளர்ந்திருப்பது விளையாட்டுப் பொருள் அல்ல.

அறிக்கை வந்தது. எப்படி வாசிப்பது?

ஈ. கோலை வரியைத் தேடுங்கள். 100 மில்லிலீற்றரில் பூச்சியம் இருக்க வேண்டும், இலங்கையின் எஸ்.எல்.எஸ். 614 தரமும் உலக சுகாதார நிறுவனமும் சொல்வது அதுதான். நடைமுறையில் திருத்த வேலைக்கு வரிசை போட, 1 முதல் 10 வரை குறைந்த ஆபத்து, 11 முதல் 100 வரை கூடியது, 100க்கு மேல் உடனே கவனிக்க வேண்டியது என்று பிரித்துக்கொள்ளலாம். "எண்ண முடியாத அளவு" என்று எழுதியிருந்தால் பற்றீரியா வளர்த்த தட்டு முழுக்கப் புள்ளி நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பூச்சியம் வந்தாலும் நிரந்தரச் சான்றிதழ் அல்ல. அன்று, அந்த மணிக்கு, அந்தப் போத்தலில் இல்லை. சில வைரசும் ஒட்டுண்ணியும் ஈ. கோலையை விட நீண்ட நாள் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். ஒரே ஒரு அறிக்கையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற ஒரு இடத்தை எனக்குத் தெரியும். திகதி ஐந்து வருடத்துக்கு முந்தியது.

கூடாது என்று வந்தால் வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது?

இது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் இதில்தான் வேலை நிற்கும் அல்லது விழும். ஒரு ஆச்சி மாதிரி எடுக்க முன்பே கேட்டா: "மோனை, என்ர கிணறு ஊத்தையெண்டு ஊருக்குச் சொல்லப் போறியளோ?" கிணறு இங்கே கௌரவம். யார் வந்து அள்ளலாம், யார் அள்ளக் கூடாது என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காயம் ஆறாத ஊர்களும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் பெயர் சொல்லி முடிவை வாசித்தால் அடுத்த வருடம் ஒரு கிணற்றிலும் கயிறு விட விடமாட்டார்கள்.

நாங்கள் வீட்டுக்கே போவோம். "ஆச்சி, கிணற்றில பிழையில்லை, வாற வழியில ஒரு பிழை இருக்கு. பாப்பமே?" என்று கேட்டுவிட்டு, கூட நின்று கட்டைப் பார்ப்போம். கூட்டத்தில் எண்ணிக்கை மட்டும்: பன்னிரண்டு கிணறு பார்த்தோம், ஐந்தில் வந்தது, ஐந்திலும் சுற்றுத்தளம் உடைவு. பள்ளிக்கூடம், பொதுக்கிணறு மட்டும் விதிவிலக்கு. அதை ஒளிக்க யாருக்கும் உரிமை இல்லை. பி.எச்.ஐ. ஐயாவுக்கும் பிரதேச சபைக்கும் அன்றே போக வேண்டும்.

அன்றைக்கு உடனே என்ன செய்யலாம்?

கொதிக்க வையுங்கள். குமிழி பொங்கி ஒரு நிமிடம் நின்றால் போதும், அரை மணி நேரம் விறகை எரிக்கத் தேவையில்லை. ஆறிய தண்ணீரை அதே பானையில் மூடி வையுங்கள்.

குளோரின் போடுவதற்கு அளவு வேண்டும். கண்மட்டத்துக்குத் தூளைக் கொட்ட வேண்டாம். பி.எச்.ஐ. வருமுன் கிணற்றின் கொள்ளளவைக் கணக்குப் போட்டு வைத்தால் அவருக்கு வேலை சுலபம். 10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீற்றர் குறுக்களவுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால்: 1.5ஐ 1.5ஆல் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 2ஆல் பெருக்க 14 கனமீற்றர் சொச்சம். அது 14,000 லீற்றர். எவ்வளவு தூள் என்பது தூளின் பலத்தையும் பொறுத்தது. திறந்து பல மாதம் கிடந்த ரி.சி.எல். (குளோரின் தூள்) பையில் பாதிப் பலமும் மிஞ்சியிருக்காது.

கொதிக்க வைத்தால் சிறுநீரக நோயும் வராதா?

இந்தக் கேள்வி வவுனியாப் பக்கம் கூட. பதில்: பற்றீரியா பரிசோதனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. காரணம் திட்டமாகக் கண்டறியப்படாத சிறுநீரக நோயோடு சேர்த்துப் பேசப்படுகிற புளோரைட்டு கொதித்தால் போகாது, கடினத்தன்மையிலும் ஒரு பகுதிதான் குறையும். தண்ணீர் வற்றுவதால் புளோரைட்டின் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதற்கு இரசாயனப் பரிசோதனை வேறாக, வேறு போத்தலில். பற்றீரியாவுக்கு எடுத்த போத்தலையே காட்டி "இதிலேயே எல்லாம் பாருங்கோ" என்று கேட்க வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். அதற்கும் தேவையா?

தேவை. ஆர்.ஓ. இயந்திரம் உப்பையும் புளோரைட்டையும் பிடிக்கும், கிருமியையும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் வெளியே வருகிற தண்ணீரில் குளோரின் இல்லை. அதை நிரப்புகிற கான் வெயிலில் கிடந்தது, மூடி கையால் துடைத்தது. இயந்திரக் குழாயில் ஒன்று, வீட்டில் மூன்று நாள் நின்ற கானில் ஒன்று என்று எடுத்துப் பாருங்கள்.

வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். கண்ணாடிப் போத்தல்கள் ஆய்வுகூடத்தின் சொத்து, எண்ணித்தான் தருவார்கள், எண்ணித்தான் வாங்குவார்கள். பாவிக்காமல் மிஞ்சியதையும் திறக்காமல் கடதாசியோடு கொடுங்கள். எங்கள் கணக்கில் ஒன்று இன்றுவரை குறைகிறது. போன மாதம் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடிக்கப் போனேன், அடுக்களைத் தட்டில் நல்லெண்ணெயோடு நின்றது. என் கையெழுத்தில் இலக்கமும் இருந்தது. கேட்கவில்லை. எண்ணெய் முடிந்த பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.